சூதும் கடனும்

உலக இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற நாவலாசிரியர்களுள் ஒருவர் ருஷிய நாட்டவராகிய பியோதர் தஸ்தாயெவ்ஸ்கி. 1821-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் பிறந்த அவர் எழுதிய 'குற்றமும் தண்டனையும்', 'கரமாசவ் சகோதரர்கள்' முதலிய நூல்களை இன்றும் பல மொழி மக்கள் விரும்பிப் படிக்கின்றனர். மனித உள்ளத்தின் ஆழத்தை அவரைப்போல் அளந்து காட்டியவர் அரியர். ஆயினும், அந்நூல்களை எழுதிய அதே கை, கடன் பத்திரங்களில் ஓயாது கையெழுத்திட்டுக்கொண்டும், சூதாட்ட மேசையின்மேல் பொற்காசுகளை நகர்த்திக்கொண்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் எவ்வாறு வந்தது, எவ்வாறு நீங்கியது என்பதை அவருடைய கடிதங்களும், அவர்தம் மனைவியார் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளும் நமக்கு விளக்கமாகத் தெரிவிக்கின்றன.

தஸ்தாயெவ்ஸ்கி இளமையிலேயே பெருந்துன்பத்தை நுகர்ந்தவர். அரசின் கொள்கைக்கு மாறான கருத்துகளைப் பேசிய குழுவில் சேர்ந்திருந்தார் என்னும் குற்றத்திற்காக 1849-ஆம் ஆண்டில் அவரைச் சிறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் கொலைக்களத்திற்குக் கொண்டுசென்று நிறுத்திய பின், கடைசி நேரத்தில் மரண தண்டனையை மாற்றிச் சைபீரியாவிற்கு அனுப்பினர். ஓம்ஸ்க் நகரச் சிறையில் நான்கு ஆண்டுகள் காலில் விலங்குடன் இருந்தார். அதன்பின் படைவீரராகப் பணியாற்றினார். 1859-ஆம் ஆண்டின் இறுதியில்தான் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கிற்கு அவரால் திரும்ப முடிந்தது. சாவின் வாயிலில் நின்று மீண்ட அம்மனிதரைப் பிற்காலத்தில் ஒரு சிறு தந்தப் பந்து ஆட்டிவைத்தது என்றால் நம்புவது எளிதன்று.

திரும்பி வந்தவர், தம் தமையனார் மிகயீலுடன் சேர்ந்து ஒரு திங்கள் இதழை நடத்தினார். 1861-இல் தொடங்கிய அவ்விதழை அரசு 1863-இல் தடை செய்தது. வேறொரு பெயரில் மற்றோர் இதழைத் தொடங்கினர். அஃது ஊன்றி நிற்கும் முன்னரே, 1864-ஆம் ஆண்டு ஏப்ரலில் தஸ்தாயெவ்ஸ்கியின் முதல் மனைவி மறைந்தார். சூலையில் தமையனாரும் மறைந்தார். தமையனார் வைத்துச் சென்ற கடன் ஏறத்தாழ 25,000 ரூபிள். கையிருப்போ அடக்கச் செலவோடு தீர்ந்துபோன சிறு தொகை. அக்கடனைத் தம்பியார் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். தமையனாரின் மனைவி மக்களைக் காக்கும் பொறுப்பும், தம் முதல் மனைவியின் மகனைப் பேணும் பொறுப்பும் அவர்மேலேயே விழுந்தன. 'உம் தமையனார் எனக்கு இவ்வளவு தரவேண்டும்' என்று யார் வந்து சொன்னாலும், சான்று கேளாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் வழக்கமாயிற்று. இரக்கம் நல்ல பண்பே; ஆனால், கணக்குப் பார்க்காத இரக்கம் பிறருடைய பொய்க்கும் விலை கொடுத்துவிடுகிறது. 1865-இல் இதழும் நின்றது.

ஆகவே, அவருடைய கடன் முழுவதும் சூதினால் வந்ததன்று. இதனைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநீதி. ஆனால், கடனை அடைக்கும் வழியாக அவர் எதனை நம்பினார் என்பதில்தான் தீங்கு இருந்தது. அவர் நம்பியது சூதாட்டத்தை.

அக்காலத்தில் ஜெர்மனியில் வீஸ்பாடன், பாடன் பாடன், ஹோம்பர்க் முதலிய நீராடு நகரங்கள் புகழ் பெற்றிருந்தன. நோய் தீர்க்கும் ஊற்றுநீரில் நீராடப் பல நாட்டுச் செல்வர்கள் அங்கு வருவர். அவர்கள் பொழுதுபோக்குவதற்கென ஒளி விளக்குகளும் இன்னிசையும் நிறைந்த சூதாட்ட மாளிகைகள் இருந்தன. அவற்றுள் ஆடப்பெற்ற முதன்மையான ஆட்டம் ரூலெட். சக்கரம் ஒன்றைச் சுழற்றி, அதன் விளிம்பில் ஒரு சிறு பந்தை எதிர்த்திசையில் உருட்டி விடுவர். சக்கரம் ஓயும்போது பந்து எந்த எண்ணுக்குரிய குழியில் விழுகிறதோ அந்த எண்ணின்மேல் பணம் வைத்தவருக்கு வெற்றி.

இவ்வாட்டத்தின் கணக்கை ஒரு சிறுவன்கூடப் போட்டுப் பார்க்கலாம். இன்று ஐரோப்பாவில் பெருவழக்காக உள்ள சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும், ஒரு பூச்சியமும் ஆக 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின்மேல் ஒரு காசு வைத்து வென்றால், வைத்த காசோடு மேலும் 35 காசு கிடைக்கும், ஆக 36. இனி, ஒருவர் 37 குழிகளின்மேலும் ஒவ்வொரு காசு வைத்தார் என்று கொள்வோம். எந்தக் குழியில் பந்து விழுந்தாலும் அவருக்கு வெற்றிதான்! ஆனால், அவர் வைத்தவை 37 காசுகள், பெற்றவை 36. எஞ்சிய ஒன்று மாளிகைக்கு உரியது. எப்படி மாற்றி வைத்தாலும், நெடுநாள் ஆட்டத்தில் நூற்றுக்கு 2.7 பங்கு இவ்வாறு கழிந்துகொண்டே இருக்கும். பூச்சியம் இரண்டுள்ள சக்கரமாயின் மாளிகையின் பங்கு ஏறத்தாழ இருமடங்கு. சூதாட்ட மாளிகைக்காரன் ஏமாற்ற வேண்டுவதே இல்லை; கதவைத் திறந்து வைத்திருந்தாலே போதும்.

சிவப்பு எண்ணே பத்து முறை தொடர்ந்து வந்தால், அடுத்த முறை கறுப்பு வந்தே தீரும் என்று ஆடுவோர் நம்புவதுண்டு. சக்கரத்திற்கு நினைவாற்றல் இல்லை. முன்பு என்ன வந்தது என்பதை அஃது அறியாது. பதினோராம் முறையும் 37 குழிகளுள் சிவப்புக்கு 18, கறுப்புக்கு 18, பூச்சியத்துக்கு ஒன்று என்பதே நிலை.

1863-ஆம் ஆண்டில் வீஸ்பாடன் நகரில் தஸ்தாயெவ்ஸ்கி 10,400 பிராங்க் வென்றார். அதுவே அவருக்கு நேர்ந்த கேடு. வென்ற பணத்தை விடுதிக்குக் கொணர்ந்து பையில் வைத்துப் பூட்டினார். மறுநாளே ஊரை விட்டுச் செல்வதென்றும் முடிவு செய்தார். ஆனால், மனம் பொறுக்கவில்லை. மீண்டும் சென்று ஏறக்குறையப் பாதியை இழந்தார். எஞ்சியதில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்பிவிட்டு, மற்றதைப் பாடன் பாடன் நகரில் தோற்றார். பிறகு, அனுப்பிய பணத்திலேயே ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புமாறு உறவினருக்கு எழுத நேர்ந்தது. அந்நாளில் எழுதிய கடிதமொன்றில், ஆட்டத்தின் இரகசியத்தைத் தாம் கண்டறிந்துவிட்டதாகக் கூறுகிறார். ஒவ்வொரு கணமும் தன்னை அடக்கிக்கொண்டு, உணர்ச்சி வயப்படாமல் ஆடவேண்டுமாம், அவ்வளவுதான் இரகசியம்! அவ்வாறு ஆடினாலும் சக்கரத்தின் கணக்கு மாறாது என்பது ஒருபுறம் இருக்க, அவ்வாறு ஆடும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதை அறிய அவருக்கு மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.

1865-ஆம் ஆண்டுக் கோடையில் கடன் கொடுத்தோர் நெருக்கினர். கடனாளிகளுக்கெனத் தனிச் சிறை இருந்த காலம் அது. ஸ்டெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளர் 3,000 ரூபிள் தர முன்வந்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை கொடியது. தஸ்தாயெவ்ஸ்கி அதுவரை எழுதிய நூல்களை எல்லாம் பதிப்பிக்கும் உரிமையோடு, 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் ஒன்றையும் அவர் எழுதித் தரவேண்டும். தவறினால், அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவர் எழுதுவன யாவற்றையும் பணம் ஒன்றும் தராமலே ஸ்டெல்லோவ்ஸ்கி வெளியிட்டுக்கொள்ளலாம். எழுத்தையே பிழைப்பாக உடையவர் ஒன்பது ஆண்டு உழைப்பை இவ்வாறு பணயமாக வைத்தார். இதுவும் ஒரு சூதாட்டமே.

பெற்ற தொகையில் பெரும்பகுதி கடன் கொடுத்தோர்க்கே போயிற்று. எஞ்சிய 175 ரூபிளை எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் வீஸ்பாடனுக்குச் சென்றார். ஐந்தே நாட்களில் எல்லாம் போயின, கடிகாரத்தையும் இழந்தார். தொகை செலுத்தாத அவருக்கு உணவு தரவேண்டாம் என்று விடுதிக்காரர் கட்டளையிட்டார். தேநீர் மட்டுமே கிடைத்தது. நண்பகல் உணவின்றி இருப்பது பிறருக்குத் தெரியாதிருக்க, நாள்தோறும் மூன்று மணிக்கு வெளியே சென்று ஆறு மணிக்குத் திரும்புவாராம். எழுத்தாளர் துர்கனேவிடம் 100 தாலர் கடன் கேட்டு எழுதினார். அவர் 50 தாலர் அனுப்பினார். வறுமையால் மதி மயங்கிக் கொலை செய்யும் மாணவனைப் பற்றிய 'குற்றமும் தண்டனையும்' என்னும் கதை அந்த விடுதி அறையில் பசியோடு இருந்தபோதுதான் உருப்பெற்றது.

அக்கதை 1866-இல் ஓர் இதழில் தொடர்ந்து வெளிவந்து நாடெங்கும் பேசப்பெற்றது. ஆனால், ஸ்டெல்லோவ்ஸ்கிக்குத் தரவேண்டிய நாவலில் ஒரு வரியும் எழுதப்படாமலே அக்டோபர் பிறந்தது. நண்பர்கள் சிலர், ஆளுக்கு ஒரு பகுதியாக எழுதித் தருகிறோம் என்றனர். பிறர் எழுதியதில் தம் பெயரைப் பொறிக்க அவர் இசையவில்லை. அப்போது நண்பர் ஒருவர், சுருக்கெழுத்தாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுமாறு யோசனை கூறினார். சுருக்கெழுத்து அந்நாளில் ருஷியாவிற்குப் புதிய கலை. அக்கலையைக் கற்பித்துவந்த ஆசிரியர், தம் மாணவியருள் சிறந்தவராகிய அன்னா கிரிகோரியெவ்னா என்னும் பெண்ணை அனுப்பினார். அவருக்கு வயது இருபது. தந்தையை இழந்து சில திங்களே ஆகியிருந்தன. தம் உழைப்பால் பொருள் ஈட்டவேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். வேலைக்குக் கூலி 50 ரூபிள் எனப் பேசப்பட்டது.

ருஷியாவில் அந்நாளில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 4-ஆம் நாள் வேலை தொடங்கிற்று. பகலில் சில மணி நேரம் தஸ்தாயெவ்ஸ்கி அறையில் உலாவிக்கொண்டே சொல்வார். அன்னா சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார். வீட்டிற்குச் சென்று இரவில் அவற்றை விரித்தெழுதி மறுநாள் கொணர்வார். தொடக்கத்தில் ஆசிரியருக்கு இம்முறையில் நம்பிக்கை இல்லை. நாட்கள் செல்லச் செல்ல, முடிந்த தாள்கள் எத்தனை என்று ஆவலோடு கேட்கத் தொடங்கினார். மேசையின்மேல் தாள்கள் உயர்ந்தன. 26 நாட்களில் நாவல் முடிந்தது. அதன் பெயர் 'சூதாடி'. நீராடு நகரொன்றில் ரூலெட் ஆடி அழியும் இளைஞன் ஒருவனின் கதை அது. ஆடுவோன் உள்ளத்தில் எழும் வெறியையும், நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்னும் ஓயாத நம்பிக்கையையும் அவர் பிறரிடம் கேட்டு எழுத வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் முதல் நாள் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு சென்றபோது பதிப்பாளர் வெளியூர் சென்றுவிட்டார் என்றனர். அவருடைய அலுவலகத்திலும் அதனை வாங்க மறுத்தனர். நாள் தவறச் செய்வதே நோக்கம் என்பது விளங்கிற்று. தஸ்தாயெவ்ஸ்கி காவல் நிலையம் சென்று, அங்கே படியை ஒப்படைத்து, நாளும் நேரமும் குறித்த பற்றுச்சீட்டைப் பெற்றார். அப்போது மணி இரவு பத்து. தவணை முடிய இரண்டு மணி நேரமே இருந்தது. மூன்று ஆண்டுகளாக ரூலெட் மேசை செய்யாததை, ஒரு பெண்ணின் எழுதுகோல் 26 நாட்களில் செய்துவிட்டது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அன்னாவும் தஸ்தாயெவ்ஸ்கியும் திருமணம் செய்துகொண்டனர். இனித் துன்பம் நீங்கிற்று என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அன்னா அம்மையாருக்கு அப்போதுதான் துன்பம் தொடங்கிற்று. கடன் கொடுத்தோரின் நெருக்கடி ஒருபுறம். வரும் பணத்தை எல்லாம் பங்கிட்டுக்கொள்ள வந்த உறவினர் ஒருபுறம். இவற்றினின்று தப்ப வெளிநாடு செல்வதே வழியென்று கண்ட அம்மையார், தம் சீர்வரிசையாக வந்த பொருள்களை அடகு வைத்து வழிச்செலவுக்குப் பணம் திரட்டினார். 1867 ஏப்ரலில் இருவரும் புறப்பட்டனர். சில திங்களில் திரும்புவதாக எண்ணிச் சென்றவர்கள், நான்கு ஆண்டுகள் கழித்தே தாய்நாட்டை மீண்டும் கண்டனர்.

அவ்வாண்டுக் கோடையில் பாடன் பாடன் நகரில் அவர்கள் கழித்த ஏழு வாரங்களே அவ்வாழ்வின் மிகக் கொடிய பகுதி. கொல்லன் பட்டறை ஒன்றின் மாடியில் குடியிருந்தனர். விடியற்காலை முதல் சம்மட்டி ஓசை. அம்மையார் கருவுற்றிருந்தார். கணவர் காலையில் ஆடச் செல்வார். சில வேளைகளில் பை நிறையக் காசுடன் வருவார். பெரும்பாலும் வெறுங்கையுடன் வருவார். வந்தவர் மனைவியின் காலடியில் விழுந்து அழுவார். தம்மைக் கயவன் என்று பழித்துக்கொள்வார். எஞ்சிய காசையும் வாங்கிக்கொண்டு மீண்டும் செல்வார். திருமணப் பரிசாக அவரே அளித்த மார்பணியும் காதணிகளும் அடகுக்குச் சென்றன. திருமண மோதிரங்கள் சென்றன. மேலாடையும் சால்வையும் சென்றன. அம்மையார் நாள்தோறும் நிகழ்ந்தவற்றைச் சுருக்கெழுத்தில் குறித்துவந்தார். கணவர் படிக்க இயலாத எழுத்தில் அக்குறிப்பேடு இருந்தது. அவரிடம் சொல்லாத வருத்தத்தை அதனிடம் சொன்னார்.

கொலைக்களத்தையும் சைபீரியச் சிறையையும் தாங்கிய ஒருவரால் ஓர் ஆட்டத்தை விட முடியாதது ஏன் என்று அம்மையார் முதலில் வியந்தார். நாளடைவில், இஃது எளிய மன உறுதிக் குறைவன்று, ஆளையே விழுங்கும் நோய் என்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். மருத்துவ உலகம் இம்முடிவுக்கு வர நூறாண்டுகளுக்குமேல் ஆயின. 1980-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் கட்டுக்கடங்காச் சூதாட்டத்தைச் சேர்த்தது. 2013-இல் அதனை மது முதலிய போதைப் பழக்கங்களோடு ஒரே இனமாக வகுத்தது. அம்மையார் கணவரைக் கடிந்துகொள்ளவில்லை. அதைப் பொறுமை என்று சிலர் போற்றுவர். கேட்டபோதெல்லாம் காசு கொடுத்தது தவறென்று சிலர் குறைகூறுவர். இரண்டாவதிலும் உண்மை உண்டு. ஆனால், அடகுச் சீட்டுகளை எண்ணிக்கொண்டு அயல்நாட்டில் தனித்திருந்த இருபது வயதுப் பெண்ணுக்கு வேறு வழி சொல்லித்தர அன்று எவரும் இல்லை.

அங்கிருந்து ஜினீவா நகர் சென்றனர். 1868-இல் அவர்களுக்குப் பிறந்த முதற்பெண் சோபியா மூன்று திங்கள் நிரம்புவதற்கு முன்னரே சளிக்காய்ச்சலால் மாண்டாள். அத்துயரிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 'அசடன்' என்னும் நாவல் அவ்வாண்டில் வெளிவந்துகொண்டிருந்தது. பின்னர் இத்தாலியில் சில காலம் தங்கி, இறுதியில் டிரெஸ்டன் நகருக்கு வந்தனர். அங்கு மற்றொரு பெண் குழந்தை பிறந்தது.

1871 ஏப்ரலில் கணவர் எழுத்தோடாமல் சோர்ந்திருப்பதைக் கண்ட அம்மையார், தம் சேமிப்பிலிருந்து 100 தாலரை எடுத்துத் தாமே கொடுத்து, வீஸ்பாடனுக்குச் சென்று வருமாறு கூறினார். அப்பணம் திரும்பாது என்பது அவருக்குத் தெரியும். அவ்வாறே அது போயிற்று. ஊர் திரும்ப 30 தாலர் அனுப்புமாறு கடிதம் வந்தது; அனுப்பிய அதுவும் மேசைக்கே சென்றது. அதன்பின் அவர் எழுதிய கடிதத்தில், பத்தாண்டுகளாகத் தம்மை வாட்டிய மாயை நீங்கிற்று என்றும், கடன் சுமையால் ஒரே நாளில் வென்றுவிடலாம் என்று கனவு கண்டது இனி முடிந்தது என்றும் குறிப்பிட்டார். இத்தகைய உறுதிமொழிகளை அம்மையார் முன்பும் பலமுறை கேட்டவர். ஆதலால் அவர் நம்பவில்லை. ஆனால், இம்முறை அது மெய்யாயிற்று. இறக்கும்வரை அவர் மீண்டும் சூதாடவே இல்லை. 1872-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனி அரசு சட்டம் செய்து சூதாட்ட மாளிகைகளை மூடிவிட்டதும் அவருக்குத் துணையாயிற்று என்று கருதுவோர் உண்டு. அஃது உண்மையாகவே இருக்கலாம். கெட்ட வழி கண்ணெதிரே திறந்திராதது ஒரு பெரும் உதவிதானே!

சூது நின்றது, கடன் நிற்கவில்லை. 1871 சூலையில் பீட்டர்ஸ்பர்க் திரும்பியபோது, வட்டியும் சேர்ந்து கடன் ஏறக்குறைய 25,000 ரூபிளாக இருந்தது. திரும்பிய சில நாட்களில் ஆண்மகவு பிறந்தது. செய்தித்தாளில் அவர் வருகையை அறிந்து கடன் கொடுத்தோர் வந்து கதவைத் தட்டினர். தஸ்தாயெவ்ஸ்கிக்குக் காக்கை வலிப்பு நோய் இருந்தது. கடன்காரர் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அவர் கலங்கினார். ஆகவே, இனி அவர்களைத் தாமே சந்திப்பதென அம்மையார் முடிவு செய்தார்.

அவர்களுள் ஒருவர் மிகக் கடுமையானவர். உடைமைகளை ஏலத்திற்குக் கொண்டுவருவேன். அதுவும் போதாதெனில் உம் கணவரைக் கடனாளிச் சிறையில் அடைப்பேன் என்று அச்சுறுத்தினார். அம்மையார் அமைதியாக விடையளித்தார். குடியிருக்கும் வீடு என் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது. மேசை நாற்காலிகள் தவணை முறையில் என் பெயரில் வாங்கப்பட்டவை. அவற்றை நீர் தொட முடியாது. என் கணவரைச் சிறையிலிட்டால், சிறைக்கு அருகே நான் குடியேறுவேன். குழந்தைகளுடன் நாள்தோறும் சென்று காண்பேன். அவர் அங்கிருந்தே எழுதுவார். உமக்கோ ஒரு காசும் வாராது. சட்டப்படி அவருடைய உணவுச் செலவையும் நீரே கொடுக்கவேண்டும் என்றார். கடன் கொடுத்தவர் சினந்தார், முணுமுணுத்தார், இறுதியில் தவணையாகப் பெற்றுக்கொள்ள ஒப்பினார். அம்மையார் ஒன்றையும் மறுக்கவில்லை. தர முடியாததைத் தருவதாகச் சொல்லவும் இல்லை. தர முடிந்தது இவ்வளவு, தரும் நாள் இது என்று மட்டும் சொன்னார். மற்றவர்களிடமும் இவ்வாறே தவணை பேசினார். பத்திரங்களை ஆராய்ந்தபோது, தமையனார் உண்மையில் வாங்கியிராத தொகைகளுக்கும் தம் கணவர் கையெழுத்திட்டிருந்ததை அறிந்து வருந்தினார். ஆனால், கையெழுத்து கையெழுத்தே.

தவணை செலுத்த வருவாய் வேண்டுமே! நூலைப் பதிப்பாளரிடம் மொத்தமாக விற்று வந்த பழக்கத்தை அம்மையார் மாற்ற எண்ணினார். எழுத்தாளரே தம் நூலை அச்சிட்டு விற்பது அந்நாளில் அருமை. நண்பர்கள் தடுத்தனர். அவர் கடைகளுக்குச் சென்று, தமக்கு வேண்டிய நூலை வாங்குவார் போலப் பேச்சுக் கொடுத்து, விற்பனைக் கழிவு எவ்வளவு என்று கேட்டறிந்தார். அச்சுக்கூலி, தாள் விலை ஆகியவற்றையும் தெரிந்துகொண்டார். 'பேய்கள்' என்னும் நாவலை 3,500 படிகள் அச்சிட்டார். விலை மூன்றரை ரூபிள். 1873 சனவரியில் விளம்பரம் வெளியான நாளன்று காலையிலேயே கடைக்காரரின் ஆள் வீட்டு மணியை அடித்தான். கணவர் அப்போது உறக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து, வாணிகம் எப்படி என்று வேடிக்கையாகக் கேட்டபோது, அன்று காலை மட்டும் 115 படிகள் விற்றதாக அம்மையார் கூறினார். கணவர் அதை நகைச்சுவை என்றே எண்ணினாராம். பணத்தை எடுத்துக் காட்டிய பின்னரே நம்பினார். அவ்வாண்டு முடிவதற்குள் 3,000 படிகள் விற்றன. செலவு போக 4,000 ரூபிள் அளவில் ஆதாயம் கிடைத்தது. அதிலிருந்து மிக நெருக்கியவர்களின் கடன் முதலில் தீர்ந்தது.

1873-இல் வார இதழ் ஒன்றின் ஆசிரியராக ஆண்டுக்கு 3,000 ரூபிள் ஊதியத்தில் தஸ்தாயெவ்ஸ்கி பணியாற்றினார். 1876-இலும் 1877-இலும் 'எழுத்தாளன் நாட்குறிப்பு' என்னும் திங்கள் வெளியீட்டைத் தாமே நடத்தினார். எழுதுவது அவர் வேலை. தாள் வாங்குவதும், அச்சகத்தாருடன் பேசுவதும், சந்தாக் கணக்கு எழுதுவதும், கட்டுகளை அஞ்சலுக்கு அனுப்புவதும் அம்மையார் வேலை. இரவில் அவர் சொல்வார். பகலில் அம்மையார் படியெடுப்பார். 'சூதாடி'யை எழுதிய அந்த 26 நாட்களின் முறைதான், ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒரே நாளில் பத்தாயிரம் என்ற பேச்சு அவ்வீட்டில் இல்லை. அச்சிட்ட பாரம் ஒன்றுக்கு இவ்வளவு, விற்ற படி ஒன்றுக்கு இவ்வளவு என்பதே கணக்கு.

இவ்வாறு வரவும் தவணையுமாகப் பல ஆண்டுகள் சென்றன. தமையனார் இறந்தபோது ஏற்ற கடன் முற்றும் தீர்ந்தது தஸ்தாயெவ்ஸ்கி இறப்பதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் என்று அம்மையார் எழுதுகிறார். கடனின்றி அவர் வாழ்ந்தது ஓராண்டே. அந்த ஓராண்டில் 'கரமாசவ் சகோதரர்கள்' என்னும் பெருநாவலை முடித்தார்.

1881-ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதியில் அவர் நோயுற்றுப் படுத்தார். இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அந்நாவலை வெளியிட்ட இதழின் அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். இளமை முதல் பணம் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் எண்ணற்றவை. பெரும்பாலும் எழுதப்போகும் நூலைக் காட்டி முன்பணம் கேட்டவை. இக்கடிதமோ, எழுதி முடித்த நாவலுக்காகத் தமக்கு வரவேண்டிய ஏறத்தாழ 4,000 ரூபிளை அனுப்புமாறு கேட்டது.